எட்னா பக்கத்துக் கதவு

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வில்ஃப் ஹெப்பிள்வெய்ட் நாற்பது வருடமாகத் தம் காரைத் துருவிடமிருந்து காப்பாற்றிவந்தார். வாங்கியபோதிருந்த இரும்பு அநேகமாக அதில் மிச்சமில்லை. ஆனாலும் அதே கார்தான் என்று சாதிப்பார். இந்த வருட வாகனத் தகுதிச் சோதனையில், இடப்பக்கக் கதவுக்குக் கீழே இருக்கும் அடிச்சட்டத்தில் துரு ஓட்டை போட்டிருப்பதாகச் சொல்லித் தள்ளிவிட்டார்கள். கல்யாண நாளன்று மனைவி எட்னாவோடு அந்தக் காரில் கடற்கரைக்குப் போகிற வழக்கம் இம்முறை நின்றுவிடும் போலிருந்தது.

வீட்டுக் கொட்டகையில் துருவை அறுத்தால், தகட்டுக்குள் தகடு வந்தது. எல்லாம் அவரே வைத்த ஒட்டுகள். ஒன்றில் பிஸ்கட் டப்பாவின் ரோஜாப்பூகூட அழியவில்லை. மகள் பிறந்த கிறிஸ்துமஸுக்கு வாங்கிய டப்பா. அந்தக் காலத்தில் குறுக்குக் கம்பி முட்டுக்கொடுக்காமல் பற்றவைத்ததால் சட்டம் வளைந்து, கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டியிருந்தது. இம்முறை கம்பி கொடுத்துச் சட்டத்தை நிமிர்த்தி, முறையாகப் புதுத் தகட்டை வைத்தார். கார் தேறிவிட்டது.

கல்யாண நாளன்று எட்னா ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல் கதவைத் தூக்கிப் பலமாக இழுத்தார். கதவு அறைந்த சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

“ஒரு விரலால இழுத்தா போதும், கண்ணு.”

“நாப்பது வருஷம் தூக்கி இழுத்த கைக்கு அதை நீயே சொல்லு. வேற எவளோட காருலயோ ஏறின மாதிரி இருக்கு.”

வில்ஃப் ஸ்பேனரை எடுத்துவந்து, கதவின் கீலைச் சற்றுத் தளர்த்தினார்; கதவு பழையபடி லேசாகத் தொங்கியது. எட்னா மறுபடி தூக்கி இழுத்தார்.

“ம், இப்ப போகலாம்.”