போர்வெல் தண்ணீரில் அலசிய ஐந்து பிளாஸ்குகள்

ஐந்து கண்ணாடி பிளாஸ்குகளிலும் கரைசல் வெளுத்துக் கலங்கிக் கிடந்தது. தேன் நிறத்துக்கு வந்திருக்க வேண்டியது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரி லேபில் நான் அட்டெண்டர். அன்று காலை அவற்றின் முன்னால் ரீட்டா நின்றிருந்தாள்.

ரீட்டா கம்மாபுரத்துப் பெண், எம்.எஸ்சி. கடைசி வருடம். நொச்சி இலையைக் காய்ச்சி வடித்த சாற்றைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் விட்டால், அதிலுள்ள வெள்ளி கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பிரியும். அந்தத் துகள் கிருமியைக் கொல்லும். கடுமையான கெமிக்கல் வேண்டாம், இலையே போதும் என்று காட்டுவதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். இலை என் பொறுப்பு. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு வேலியில் பறித்து, பாசஞ்சர் ரயிலில் பையோடு வருவேன்.

அவளுடைய ப்ராஜெக்டுக்கு வழிகாட்டும் சார் வந்து பார்த்தார்.

"கடலூர் இலைதானே? கடல் காத்துல உப்பு ஏறியிருக்கும். சில்வரும் உப்பும் சேந்தா இப்படித்தான் வெளுக்கும். இலைய மாத்திடு."

"போன வாரம் நல்லா வந்துச்சு சார். மாத்துனா மொதல்லேர்ந்து செய்யணும். அடுத்த மாசம் சப்மிஷன்," என்றாள் ரீட்டா.

"அப்ப அடுத்த வருஷம் குடு."

சார் போன பிறகு அவள் என்னிடம் சொன்னாள்: "அடுத்த வருஷம்னா வீட்ல வுடமாட்டாங்கண்ணே. இதோட நிறுத்திடுவாங்க."

உப்பு என்று சார் சொன்னதுமே நான் பிளாஸ்க் கழுவியது நினைவுக்கு வந்தது. கழுவிய கண்ணாடியைக் கடைசியாக இரண்டு முறை டிஸ்டில்டு வாட்டரில், அதாவது உப்பில்லாமல் காய்ச்சி வடித்த தண்ணீரில், அலச வேண்டும். முந்தின நாள் அதை வடிக்கும் மெஷினில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஒரு கேன் நிரம்ப ரீட்டா அரை நாள் காத்திருந்தாள். அதை எதற்கு வீணாக்குவது என்று நான் போர்வெல் தண்ணீரிலேயே அலசிக் கவிழ்த்தேன். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. ஆனால் பிளாஸ்க் பளிச்சென்றுதான் இருந்தது.

நான் படித்தது ஐந்தாவது. பதினோரு வருடத்தில் சாரிடம் "சரிங்க சார்" தவிர எதுவும் பேசியதில்லை. வேலையும் தினக்கூலி. மத்தியானம் வரை வாய் வரவில்லை. பிறகு இரண்டு டெஸ்ட் டியூப் எடுத்தேன். ஒன்றில் டிஸ்டில்டு வாட்டர், மற்றதில் போர்வெல் தண்ணீர்.

"ம்மா, உங்க சில்வர ரெண்டுலயும் ஒரு சொட்டு வுடுங்க."

ஒன்று அப்படியே தெளிவாக இருந்தது. மற்றதில் சொட்டு விழுந்த இடத்திலிருந்து வெள்ளைப் புகை போல இறங்கியது.

"இலை இல்லம்மா. நான்தான்," என்று நடந்ததைச் சொன்னேன்.

"என் தண்ணிய மிச்சம் புடிக்கப் போயி என் படிப்பையே முடிச்சிருப்பீங்களேண்ணே," என்றாள். பிறகு இரண்டு டியூபையும் என் கையில் கொடுத்து சாரின் அறைக்கு இழுத்துப்போனாள்.

சார் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த டெஸ்ட் யாரு செஞ்சது?"

"நான்தான் சார். தப்பு பண்ணுனதும் நான்தான் சார்."

"ஏழுமலை, நீ இவ்ளோ பேசி இன்னைக்குத்தான் கேக்குறேன். போயி ஒழுங்கா கழுவு."

கழுவினேன். மறுநாள் அதே இலைச் சாற்றை விட்டு, பிளாஸ்குகளை ஜன்னலோரம் வைத்தாள். நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். முதலில் இளமஞ்சள். பிறகு தேன். பிறகு நல்ல பழுப்பு. யாரும் தொடவில்லை, கலக்கவில்லை. தினமும் உரசிக்கொண்டு போகும் வேலி இலைக்குள் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று நினைக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, கிருமி வளர்க்கும் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினாள். தட்டு முழுக்கக் கிருமி ஆடை போலப் படர்ந்திருந்தது. நடுவில் வெள்ளித்துகள் வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் சுத்தமான ஒரு வட்டம்.

"இதுக்குள்ள ஒண்ணுகூட உயிரோட இல்லண்ணே."

கோயிலில் நிற்பதுபோல நின்றேன்.

ரீட்டா அடுத்த மாதம் குறித்த நாளிலேயே ப்ராஜெக்டைக் கொடுத்தாள். லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கண்ணாடி பளிச்சென்று இருப்பதை நம்பாதீர்கள். தவறு நடந்தால் மத்தியானம் வரை காத்திருக்காதீர்கள். நான் இப்போதும் கடைசியாக அலசிய தண்ணீரில் சாரிடம் கேட்டு ஒரு சொட்டு சில்வர் விட்டுப் பார்க்கிறேன். வெளுக்காமல் இருந்தால்தான் பிளாஸ்கைக் கவிழ்த்து வைப்பேன்.