ஜெசிந்தா டீச்சர் பேசாத வகுப்பு

போன செவ்வாய்க்கிழமை ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். சந்தோஷமாகத்தான் போனேன். அம்பாசமுத்திரத்துக்கு முன்னால் பஸ் ஆற்றைக் கடக்கும்போது, ஜன்னலோரத்தில் இருந்த எனக்கு என்னைப் பற்றியே நல்ல அபிப்பிராயம் இருந்தது. ஆற்றில் தண்ணீர் நிறையப் போனது. கர்வமும் அப்படித்தான்... கரை தெரியாமல்.

இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறவன் பிழைப்புக்கு இங்கிலீஷ் வாத்தியார் என்பது தெரியும்தானே? ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு, வகுப்பில் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்று பயிற்சியும் கொடுக்கிறேன். போன மாதம் பாளையங்கோட்டையில் அப்படி ஒரு பயிற்சி. அதற்கு வந்தவர்கள் இப்போது எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் என்னோடு கல்லூரியில் படித்தவர். வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாரும் வே, வாரும்! உம்ம ட்ரெய்னிங் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. ஜெசிந்தா டீச்சர் இப்பம் கம்ப்யூட்டர வச்சுல்லா நடத்துதாவ. வாயே திறக்கிறதில்ல, பாத்துக்கிடும்!"

பாராட்டாகத்தான் சொன்னார்.

ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மேஜையில் லேப்டாப். அதிலிருந்து ஒரு பெண் குரல் — எந்த ஊர் தூசியும் படாத இங்கிலீஷ் — ஒரு வாக்கியம் சொன்னது. பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். அடுத்த வாக்கியம். திருப்பிச் சொன்னார்கள். ஜெசிந்தா டீச்சர் சுவரோரமாக, மவுஸில் கை வைத்தபடி நின்றார்.

"மிஸ், அது ரொம்ப வேகமாச் சொல்லுது. நீங்க சொல்லுங்க மிஸ்," என்றாள் ஒரு பிள்ளை.

டீச்சர் என்னை ஒரு முறை பார்த்தார். அதே வாக்கியத்தை மறுபடி ஓடவிட்டார்.

பீரியட் முழுக்க அவர் ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூடப் பேசவில்லை. இங்கிலீஷ் டீச்சர்!

மணி அடித்ததும் வராந்தாவில் கேட்டேன்: "ஏன் டீச்சர், நீங்க பேசவே இல்லையே?"

"அதான் நல்லாப் பேசுத ஒரு அம்மா உள்ள இருக்காவளே சார். நான் எதுக்கு?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாதவனைப் போல நின்றேன். அது நமக்குக் கைவந்த கலை இல்லையா?

பாளையங்கோட்டையில் நடந்தது இதுதான். ஒரு உச்சரிப்பு மென்பொருளை அறிமுகப்படுத்தினேன். மைக்கில் ஒரு ஆங்கில வாக்கியத்தை வாசித்தால், கம்ப்யூட்டருக்குப் பிடித்த சொற்கள் திரையில் பச்சையாகும். பிடிக்காதவை சிவப்பு. "யார் முதல்ல வாரீங்க?" என்று கேட்டேன். எல்லோரும் அவரவர் பேனாவை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஜெசிந்தா டீச்சர் எழுந்து வந்தார். உவரியில் பிறந்தவர். கடலுக்குப் போகிற குடும்பம். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவருக்கு. மைக்கே தேவையில்லை. கணீரென்று வாசித்தார்.

வாக்கியம் முழுக்கச் சிவப்பு.

அரங்கம் ஒரு கணம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியை அப்படியே விட்டிருக்கலாம். விட்டேனா?

"பரவாயில்ல டீச்சர்... கம்ப்யூட்டருக்கு உவரி இங்கிலீஷ் இன்னும் பழகலை போல!" என்றேன்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார். அப்படிச் சிரிப்பதைத் தவிர ஒரு மனுஷிக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

அதோடு போகவில்லை. பயிற்சி என்றால் போட்டோ வேண்டும். குத்துவிளக்குக்கு ஒன்று, குழுவாக உட்கார்ந்ததற்கு ஒன்று, சுண்டல் சாப்பிட்டதற்கு ஒன்று. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால்தான் பயிற்சி நடந்ததாகக் கணக்கு. சிவந்த திரை பின்னால் தெரிய, மைக்கோடு நின்ற டீச்சரை நானே படமெடுத்து, 'உற்சாகமான பங்கேற்பு' என்று எழுதிப் போட்டேன்.

"அந்தப் படத்த யாரு அனுப்புனாவளோ, எங்க ஸ்கூல் குரூப்புக்கு வந்துட்டு சார்," என்றார் வராந்தாவில். "பெத்தவங்க இருக்க குரூப்பு. பிள்ளைங்க போன நோண்டாம இருக்குமா? மறுநாள் நான் பாடம் வாசிக்கேன், ஒரு பெஞ்சு பூரா குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்குதுவ. நாலு வார்த்தை தப்போ சரியோ எங்கிட்ட இங்கிலீஷ்ல பேசிக்கிட்டுக் கிடந்த பிள்ளைங்க. இப்பம் அதுவளும் பேசுறதில்ல. டீச்சருக்கே சிவப்புன்னா நமக்கு என்ன வரும்னு நினைக்கும்லா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மார்க் வாசிப்பதுபோல் சொன்னார்.

இப்போது உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவரிடமும் அந்த வராந்தாவில், குரலைத் தாழ்த்திப் பையத்தான் சொன்னேன். பயிற்சியன்று காலையில், யாரும் வராத நேரத்தில், அந்த மென்பொருளில் நான் வாசித்துப் பார்த்திருந்தேன். எனக்கும் சிவப்பு. இன்னொரு தடவை, நாக்கைச் சுருட்டி வாசித்தேன். கூடுதல் சிவப்பு. அதனால்தான் "யார் முதல்ல?" என்று அவ்வளவு பெருந்தன்மையாகக் கேட்டேன்!

'தப்பு வருமோ என்று பயப்படாதீர்கள்' — என் முதல் ஸ்லைடே அதுதான். பெரிய எழுத்தில். யாருடைய தப்பு என்று மட்டும் அதில் இருக்காது.

டீச்சர் மைதானத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"அத அன்னைக்கே மைக்ல சொல்லியிருக்கலாம்லா சார்? அங்கன எல்லாரும் இருக்க என்னைய சிரிச்சிய. இங்கன எனக்குக் கேக்க மாதிரி மட்டும் சொல்லுதிய."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாகத்தான் இருந்தது. நான் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதே வாக்கியத்தை வாசித்தேன். திரை சிவந்ததை, என் முகம் தெரிய, வீடியோ எடுத்தேன். 'பயிற்சிக்கு முன்னாலேயே எனக்கும் இதுதான் வந்தது. மறைத்துவிட்டு ஜெசிந்தா டீச்சரைக் கேலி செய்தேன். மன்னியுங்கள்' என்று எழுதி, ஆசிரியர்கள் குரூப்பில் போட்டேன்.

கைதட்டல் படங்களாக வந்து கொட்டின. 'என்ன எளிமை சார்!' 'உயர்ந்த மனசு!' 'நீங்கதான் சார் உண்மையான ஆசிரியர்!'

பாருங்கள்... அவர் வாசித்துச் சிவந்தபோது சிரித்த அதே ஆட்கள். நான் வாசித்துச் சிவந்தால் அது எளிமை. கம்ப்யூட்டராவது இரண்டு பேருக்கும் ஒரே நிறம் காட்டியது. நமக்கு அந்த நேர்மைகூட இல்லை. மன்னிப்புக் கேட்கப் போய், மாலையோடு திரும்பி வந்தவன் வேறு யாராவது உண்டா?

வெட்கத்தில் போனை அணைத்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் மறுபடி போட்டு, டீச்சரைக் கூப்பிட்டேன்.

"பாத்தேன் சார். நல்லா கை தட்டுதாவ," என்றார்.

"அதுக்காகப் போடலை டீச்சர்."

"தெரியும் சார். நீங்க என்ன செய்விய?"

"வகுப்புல மறுபடி பேசுவீங்களா?"



"பேசுதேன் சார். அந்த அம்மாகிட்ட விட்டா பிள்ளைங்க ஊமையால்லா போயிரும்? இன்னைக்கே பேசுனேன். ஒரு பிள்ளை பதிலும் சொல்லிச்சு. ஆனா ஒண்ணு... வராந்தாவுல ஆள் நடக்காவன்னு கதவச் சாத்திக்கிட்டேன்."

நாற்பது டிகிரி வெயிலில், ஃபேன் ஓடாத வகுப்பில், ஒரு டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்துகிறார். இது என் பயிற்சியின் பலன்.