சூடு பார்க்கிற கை

எங்கள் மருத்துவமனை சோதனைக்கூடத்தில் அவளுக்கு ரோஸ் அக்கா என்றுதான் பெயர். பூவுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அபூர்வம். காலில் ரத்தக்குழாய் அடைத்து அறுவைக்கு வருகிறவர்களின் சிறுநீரில் மருந்துச் சொட்டு விடுவாள். நிறம் மாறாவிட்டால் அறுவை. ரோஸ் நிறம் வந்தால் ஆள் இன்னும் சிகரெட்டை விடவில்லை. தைத்து வைக்கிற புதுக்குழாயும் அடைத்துக்கொள்ளும், காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

பெண்டாட்டியின் சிறுநீரைக் கொண்டுவந்து நீட்டுகிற சூரர்களும் உண்டு. அக்காவிடம் அந்தப் பருப்பு வேகாது. அப்போதே பிடித்ததுதானா என்று பாட்டிலை இடது உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்ப்பாள். "சில்லுன்னு இருக்கு. இது யாரோடது?" என்பாள். ஆள் தலையைக் குனிந்துகொள்வான். பாட்டில் குப்பைக்குப் போகும்.

இந்தக் கதைகளை வீட்டில் சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளாம். கேட்டவர்களில் அவளுடைய அண்ணனும் ஒருவர்.

அந்த அண்ணனே ஒருநாள் கால் கட்டைவிரல் கறுத்துப்போய் வந்து நின்றார். முப்பது வருடம் ஊதித் தள்ளியவர்.

"விட்டுட்டேம்மா. ஒன்றரை மாசமாச்சு."

பாட்டிலை வாங்கிக்கொண்டு கழிவறைக்கு நடந்தவர், இடது கையை விலாவோடு ஒட்டியே வைத்திருந்தார். பாட்டில் கழுவிக்கொண்டிருந்த எனக்கு அது உறுத்தியது. அண்ணன் தங்கை விஷயம், நமக்கெதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன்.

பாட்டில் சூடாகத்தான் இருந்தது. நிறமும் மாறவில்லை. சோதனைக்கூடத்தில் அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"காலைக் காப்பாத்திட்டே அண்ணா" என்றாள்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் அவர் கால் முழங்காலுக்குக் கீழே நீலம் பூத்தது. டாக்டர் மறுபடி சோதிக்கச் சொன்னார். படுக்கையை விட்டு எழ முடியாதவரிடமிருந்து நர்ஸே எடுத்து அனுப்பினாள். சொட்டு விட்ட அக்கா குழாயைக் கீழே வைப்பதற்குள் ரோஸ் ஏறிவிட்டது.

விறுவிறுவென்று வார்டுக்குப் போனாள். பயத்தில் நானும் பின்னாலேயே போனேன்.

"அன்னைக்குக் குடுத்தது யாரோடது?"

"உன் அண்ணியோடது. சின்ன பாட்டில்ல ஊத்தி அக்குள்ல இடுக்கிட்டு வந்தேன்." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "நீதானம்மா சொன்னே, சூடா இருந்தா வாங்கிக்குவேன்னு."

அக்கா போர்வையை விலக்கி, இடது உள்ளங்கையை அவர் பாதத்தில் வைத்தாள்.

"சில்லுன்னு இருக்கு" என்றாள்.