கடைசியாக அணைப்பவரின் எழுத்து

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பார்க்கப் போகிறவனுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது முதலாளியின் பயம். எங்கள் முதலாளிக்கு இரண்டாயிரத்துச் சொச்சத்தில் வந்த பயம் திருட்டு மென்பொருள். எங்கோ ஒரு கம்பெனியில் சோதனை போட்டார்களாம் என்று டீக்கடையில் கேட்டுவிட்டு வந்தவர், "நம்முளுது நல்லதுங்களா, திருட்டுங்களா?" என்றார். ஆறு கணினியிலும் இருந்தது திருட்டுதான். ஏற்றியவனே நான். "எல்லாத்தையும் லினக்ஸுக்கு மாத்திரலாமுங்க. சும்மாவே குடுக்கறாங்க" என்றேன். சும்மா என்ற சொல்லுக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

ஆறு கணினி, ஆறு பேர், ஆனால் லாகின் ஒன்றே ஒன்று. ஆளுக்கொன்று தருகிறேன் என்று நான் சொன்னபோது மேனேஜர் சிரித்தார். "ஒருத்தர் லீவு போட்டா இன்னொருத்தர் உக்காந்து அடிக்கோணுமுங்க. ஆளுக்கொரு பூட்டுப் போட்டா வேலை ஆகுமுங்களா?" இது வெளியே சொன்ன காரணம். சொல்லாத காரணம், எல்லோரும் ஒரே பெயரில் அடித்தால் தப்பு வரும்போது அது யார் தப்பு என்று எந்தக் கணினியும் காட்டிக்கொடுக்காது. கடவுச்சொல்லாக முதலாளியின் குலதெய்வத்தின் பெயரை வைத்தார்கள். அதைத் தப்பாக அடிக்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

முதல் நாளே முதலாளி ஒரு கட்டளை போட்டார். எல்லாத் திரையிலும் முருகன் படம் இருக்க வேண்டும், யாரும் அதை மாற்றக் கூடாது. லினக்ஸில் இதற்கென்றே ஒரு நிரல் உண்டு. பின்னணிப் படம் எது, எழுத்து எவ்வளவு பெரிது, மெனு எந்தப் பக்கம் என்று திரையின் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்வது அதன் வேலை. அதில் 'கட்டாயம்' என்று ஓர் அடுக்கு இருக்கிறது. அங்கே நான் ஒரு வரி எழுதிவிட்டால் வேறு யாராலும் மாற்ற முடியாது. எழுதினேன். இரண்டு நிமிடம் ஆனது. முருகன் அசையாமல் நின்றார்.

எந்தப் பெட்டியில் எத்தனை உருப்படி என்ற பேக்கிங் லிஸ்ட் அடிக்க ஓர் அக்கா இருந்தார். சாமளாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பதினைந்து வருடம் செக்கிங்கில் நின்றவர். வெள்ளைத் துணியை டியூப்லைட் வெளிச்சத்தில் பிரித்துப் பிரித்து ஓட்டையும் கறையும் பார்க்கிற வேலை அது. பத்தாம் வகுப்பு முடித்திருந்ததாலும் கணக்கில் கெட்டி என்பதாலும் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வந்திருந்தார். வந்த வாரத்திலேயே என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, எழுத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணிக் குடுங்க. கண்ணு மங்கிப் போச்சுங்க. கண்ணாடி போட்டும் பாத்துட்டனுங்க, பெருசா வித்தியாசமில்லீங்க. வெளிய சொல்லிராதீங்க, மறுக்கா செக்கிங்குக்கே அனுப்பிருவாங்க. இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு அங்க ஒரு மாசம் தாட்ட முடியாதுங்க."

பெரிதாக்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை எழுத்து மீண்டும் சிறியதாக இருந்தது. மறுபடி பெரிதாக்கினேன். அடுத்த நாளும் சிறுத்தது. "ஏனுங்க தம்பி, இன்னைக்கும் சிறுத்துப் போச்சுங்க" என்பார், என்னவோ அவரே இரவில் எழுந்து சிறுக்க வைத்துவிட்ட மாதிரி கூச்சத்தோடு.

ஒரு வாரத்தில் காரணம் பிடிபட்டது. ஆறு கணினியிலும் ஒரே பெயரில் நுழைகிறோம், செட்டிங்ஸ் கோப்பு சர்வரில் ஒன்றுதான். ஒவ்வொரு கணினியும் காலையில் அதைப் படித்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அணைக்கும்போது தன்னிடம் இருப்பதை அப்படியே திரும்ப எழுதுகிறது. கடைசியாக அணைப்பவர் எழுதியதே நிலைக்கும். அக்கா பஸ் பிடிக்க ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார். கடைசியாக அணைப்பவர் மேனேஜர். ஒரே திரையில் எல்லாம் தெரிய வேண்டும் என்று அவர் எறும்பு அளவு எழுத்து வைத்திருந்தார்.

ஒரு கணினி எழுதியதை இன்னொன்று அழித்துவிடாமல் காக்க நிரலில் பூட்டுக் கோப்பு என்று ஒன்று உண்டு. அது இதைத் தடுக்க வேண்டும், தடுக்கவில்லை. அதாவது நிரலில் பிழை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தவன் நான்! எனக்குத் தலைகால் புரியவில்லை. நிரலை எழுதியவர்கள் உலகத்தின் நாலு மூலையில் இருந்தார்கள், மின்னஞ்சலில் மட்டும் வாழ்ந்தார்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் விவரமாக எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஆறு கணினியில் உட்கார மாட்டார், இது பிழை அல்ல, பயன்படுத்துகிறவரின் பழக்கம். புகார் முடித்துவைக்கப்பட்டது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஏண்டா, கஷ்டப்படுகிறவன் வந்து சொன்னால் பழக்கம் என்றா கதவைச் சாத்துவது? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் திருப்பூர் ராயபுரம் சந்துகளில் அவர்களோடு வாய்விட்டுச் சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

விடவில்லை நான். லினக்ஸ் நிரலை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தி அனுப்பலாம். பிரித்துப் போட்டேன். பூட்டு எங்கே நழுவுகிறது என்று தேட எனக்கு ஒரு சோதனை தேவைப்பட்டது. அதுதான் தினமும் காலையில் தயாராக இருந்ததே. அக்கா வருவார், எழுத்து சிறுத்திருக்கும், நான் குறித்துக்கொள்வேன். நான் எதையோ திருத்திவைப்பேன், மறுநாளும் சிறுத்திருக்கும், அதையும் குறித்துக்கொள்வேன். ஒரு நாள் எழுத்து பெரிதாகவே இருந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. முந்தின நாள் மேனேஜர் லீவு, மற்றவர்களும் அக்காவுக்கு முன்பே அணைத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

காலையில் எழுத்தைப் பெரிதாக்கும் வேலையை அக்காவுக்கே கற்றுக்கொடுத்துவிட்டேன். மெனுவில் இருக்கும் சின்ன எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் எண்ணிக் கற்றார். மேலிருந்து நாலாவது, அதில் இரண்டாவது, பிறகு வலது ஓரம். "இதுக்கு ஒரேயடியா ஒரு வழி பண்ண முடியாதுங்களா தம்பி?" என்று ஒருமுறை கேட்டார்.

"அக்கா, எழுத்து அளவுங்கறது பிரச்சினையே இல்லீங்க. அது அவங்கவங்க பழக்கம். நெசமான பிரச்சினை உள்ள இருக்குதுங்க. அதைத்தான் பாத்துட்டு இருக்கறேன்" என்றேன். சொல்லும்போது அந்த வார்த்தையை எங்கே கேட்டேன் என்று எனக்கு உறைக்கவில்லை. "நீங்க பாத்தாச் சரிங்க" என்று போய் உட்கார்ந்தார்.

முருகனை வைத்த இடத்திலேயே எழுத்தையும் வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தோன்றியது. தோன்றியதும் தள்ளிவிட்டேன். அது ஒட்டுப் போடுவது, தீர்வு அல்ல என்று எனக்கு நானே தத்துவம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், ஒட்டுப் போட்டால் காலைச் சோதனை போய்விடும். எனக்கு அந்தச் சிறுத்த எழுத்து வேண்டியிருந்தது.

மூன்று மாதத்தில் திருத்தம் தயாரானது. வெளிநாட்டுக்காரர்கள் நாலு முறை திருப்பி அனுப்பினார்கள். ஒருமுறை வரிக் கடைசியில் காலி இடம் இருக்கிறதாம். எங்கள் செக்கிங்கில்கூட இத்தனை கெடுபிடி கிடையாது.

ஐந்தாம் முறை அனுப்பிக்கொண்டிருந்த காலையில் அக்கா கூப்பிட்டார். யாரோ மெனுவைக் கீழே இறக்கி வைத்துவிட்டார்கள். மேலிருந்து எண்ணிய நாலு எங்கோ போய்விட்டது. "தம்பி, ஒரு நிமிசம் வந்துட்டுப் போங்க." "இதா வந்தர்றனுங்க" என்றேன். போகவில்லை. அன்று ஷிப்மென்ட் நாள். அவர் அந்த எறும்பெழுத்திலேயே அடித்தார். பெட்டிக்கு எண்பத்தாறு உருப்படி என்பது முப்பத்தாறு என்று ஆகி, ஸ்டிக்கரெல்லாம் அப்படியே அச்சாகி, அத்தனை பெட்டியிலும் ஒட்டியும் விட்டார்கள். மறுநாள் முழுக்கப் பேக்கிங் ஆட்கள் உட்கார்ந்து பிய்த்து ஒட்டினார்கள்.

மேனேஜர் அலுவலகத்தின் நடுவில் நின்று, "யாரு அடிச்சதுங்க இது?" என்று கேட்டார். கணினி சொல்லாது. அதற்காகத்தானே எல்லோருக்கும் ஒரே லாகின். ஐந்து பேரும் முருகனைப் பார்த்தபடி இருந்தார்கள். அக்கா எழுந்து நின்று, "நாந்தாங்க" என்றார்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நான். கண்ணைப் பற்றிச் சொன்னால் அவருக்குக் கொடுத்த வாக்கு போய்விடும் என்று ஒரு சாக்கு கைவசம் இருந்தது. என் தப்பு என்று சொல்வதற்கு எந்த வாக்கும் தடையில்லை. அதையும் சொல்லவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அக்கா செக்கிங்குக்குப் போய்விட்டார்.

அதே வாரம் மின்னஞ்சல் வந்தது. திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, அந்தப் பூட்டுப் பகுதியை இனி நீங்களே பராமரிக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நான் எதிர்பார்த்த மாதிரி சந்தோஷம் வரவில்லை. எழுந்து போய்க் கட்டாய அடுக்கில், முருகனுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன். ஆறு திரையிலும் எழுத்து பெரிதாகி நின்றது. மேனேஜர் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்து உட்கார்ந்தார். "இப்பத்தாங்க கண்ணுக்கு இதமா இருக்குது. இதை மொதல்லயே பண்ணியிருக்கலாமுல்லீங்க, கம்ப்யூட்டர்காரரே?" என்றார்.

அன்றைக்கே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அக்காவின் கண்ணைத் தவிர. "தப்பு யாருதுன்னு இப்ப யாருங்க கேட்டாங்க? அந்தச் சீட்டுக்கு ஆளு போட்டாச்சுங்க" என்றார்.

செக்கிங் ஹாலுக்குப் போனேன். அக்கா மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார். துணியைப் பார்க்கவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் தடவித் தடவி ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தபோது மட்டும் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏனுங்க தம்பி, சரியாப் போச்சுங்களா அது?"

"போச்சுங்க்கா."

"நெம்பப் பெரிய வேலைங்களா?"

இரண்டு நிமிடம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். "ஆமாங்க்கா. மூணு மாசம் ஆச்சுங்க" என்றது வாய்.

"பாவங்க" என்றார் அக்கா. "எனக்காவ நீங்க எத்தனை சிரமப்பட்டுட்டீங்க."