வேண்டுதலை மறைத்த குடும்பமும் ஒரு மேல்முறையீடும்

மேல்முறையீட்டில் புதிய சாட்சியம் கொண்டுவந்தால் நீதிபதி முதலில் கேட்பது, "விசாரணையிலேயே இதை ஏன் காட்டவில்லை?" என்பதுதான். திருத்தணியில் நெடுநாள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த நான், அந்தக் கேள்விக்கு ஒருமுறை எழுதிய பதிலை இன்றும் பெருமையோடு நினைக்கிறேன்.

பொதட்டூர்பேட்டை நெசவாளி தேசிங்குக்கு, கனகம்மாசத்திரத்தில் ஒரு பெண்ணின் சங்கிலியைப் பறித்ததாக ஐந்தாண்டு தண்டனை. ஜாமீன் கிடைக்காமல் சிறையில் இருந்தார். மனைவி லோகா தனியாகத் தறி ஓட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு அலைந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை வழக்குக் கட்டைப் படித்துத் தேதிகளைக் குறித்து வைத்திருந்தேன். சம்பவம், ஆடிக் கிருத்திகை முடிந்த மூன்றாம் நாள் மாலை. "திருடனின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தேன்" என்று அந்தப் பெண் சாட்சி சொல்லியிருந்தார். பிற்பகலில் வந்த லோகா, ஆதார் எண்ணைக் காட்டப் போனைத் திறந்தார். திரையில் அப்பாவும் மகளும், இரண்டு மொட்டைத் தலைகளிலும் சந்தனம்.

"இது எப்போம்மா எடுத்தது?"

"கேசு ஆன வருசம் ஆடிக் கிருத்திகை அன்னிக்கிங்க. பாப்பாவுக்குக் காமாலை வந்து பொழச்சிதில்ல, அந்த வேண்டுதல்."

"கோர்ட்டுல ஏம்மா சொல்லல? திருடன் முடியைப் பிடிச்சேன்னு அந்தப் பொண்ணு சொன்னப்போ உங்க வூட்டுக்காரரும் கேட்டுக்கினுதானே நின்னாரு?"

"பொய் சத்தியம் பண்ற எடத்துல சாமி காரியத்தைப் பேசக் கூடாதுன்னுட்டாருங்க. மறுபடி பாப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா?"

என் சீனியர் வக்கீலிடம் சொன்னேன். துள்ளி எழுந்தார்.

"போன் தொலைஞ்சி இப்பத்தான் கெடைச்சுதுன்னு போடுய்யா."

"வேணாம் சார். குறுக்கு விசாரணையில அந்தம்மா தடுமாறினா படமும் பொய்யாயிடும். உள்ளதையே போடலாம்."

"சாமிக்குப் பயந்தோம்னா? ஜட்ஜ் சிரிப்பாருய்யா!"

"சிரிக்கட்டும் சார். ஆனா நம்புவாரு."

முறைத்தவர், கடைசியில் நான் எழுதிய மனுவில் கையெழுத்துப் போட்டார். படம் எடுத்த தேதி போனிலேயே பதிவாகியிருந்தது. அதற்குரிய சான்றிதழுடன் போனையும் தாக்கல் செய்தோம்.

கூண்டில் நின்ற லோகாவை அரசு வக்கீல் மடக்கினார். "இவ்ளோ நாள் மறைச்சிட்டு இப்போ கதை கட்டறீங்களா?"

"கதையில்லிங்க, பயம். இங்க ஆளாளுக்கு சத்தியம் பண்ணிட்டு வேற பேசறாங்க. இங்க வந்து புள்ளைக்கு வேண்டிக்கினதை எப்பிடிங்க சொல்றது?"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை; எழுதிக்கொண்டிருந்தார்.

சங்கிலியைப் பறிகொடுத்த பெண்ணையும் மீண்டும் அழைத்தார்கள். அவர் நேர்மையானவர். "முடியைப் பிடிச்சது நெசம்ங்க. கையில ரெண்டு மயிரு கூட இருந்துச்சி" என்றார். படத்தைக் காட்டியதும் வெகுநேரம் பார்த்தார். "அப்போ ஆளு இவரு இல்லியா?" என்று நீதிபதியையே கேட்டார்.

மொட்டையடித்து மூன்றே நாளான தலையில் கொத்தாகப் பிடிக்க முடி இருக்காது. தண்டனையை நிலைக்கவிடுவது பாதுகாப்பானதல்ல என்று தீர்ப்பு வந்தது. தாமதத்துக்குச் சொன்ன காரணம் இயல்பானது, நம்பத்தக்கது என்று தனிப் பத்தியே இருந்தது. விடுதலை ஆணையை நானே சிறைக்கு எடுத்துச் சென்றேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். கட்சிக்காரர் சொல்லும் காரணம் உங்களுக்கு வெட்கமாக இருக்கலாம். அதை அழகுபடுத்தாதீர்கள். கூண்டில் ஏறி அதைத் திரும்பச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.