வீட்டுக்குப் போகாத ஜாகாக்கள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு — காலமான என் தங்கையின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து. ஆறு பேருக்கும் சோறு போட்டது இந்த ஜெலுத்தோங் ஃபிளாட்டில் நான் வைத்து விற்ற மீன் கறி. இன்றும் விசேஷத்துக்கு ஆர்டர் கொடுப்பவர்கள், பாட்டியின் கைப்பக்குவம்தானே என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

கையா? எல்லாம் மூக்கு. நான் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. மணத்தை வைத்தே சட்டியை இறக்குவேன்.

அந்த மூக்குதான் போய்விட்டது. எப்போதும் அடைப்பு, முகமெல்லாம் கனம், தொண்டையில் சளி. தைலத்தைத் தடவிக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் பாசாரில், காய்கறிக் கடையில் மல்லித்தழையைக் கசக்கி முகர்ந்தால்... ஒன்றுமில்லை. வெறும் ஈரம்.

வெளியே சொல்வேனா? சொன்னால் அடுப்பு என் கையில் இருக்குமா? எண்ணெய் பிரிவதைக் கண்ணால் பார்த்தே சமாளித்தேன்.

மருமகள் மலர்தான் பக்கத்தில் நின்று தொணதொணப்பாள். "தேங்காப்பால் லேசா புளிச்ச மாதிரி இல்ல அத்தை? இது நேத்து மீனோ?" எனக்கு எரிச்சலாக வரும். டாக்டரிடம் போகலாம் என்பாள். சளிதானே லா, என்று தட்டிவிடுவேன்.

போன மாதம் மூச்சுவிடவே முடியவில்லை. என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மூக்கு டாக்டர் நம் தமிழ்ப் பெண், சின்ன வயது. மெல்லிய குழாயை உள்ளே விட்டு டிவியில் காட்டினார். உரித்த திராட்சை போலச் சதை, கொத்தாக.

"உடம்புக்குள்ள ஜாகா இருக்காங்க பாட்டி," என்றார். எங்கள் ஃபிளாட் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஜாகா போலத்தானாம், இரத்தத்தில் வெள்ளை அணுக்கள். தூசு, கிருமி வந்தால் ஓடி வந்து சண்டை போடும், முடிந்ததும் கலைந்துவிடும். என் மூக்குக்கு வந்தவை கலையவில்லை. எதிரி போன பிறகும் சண்டை. அவை கக்குவதில்தான் உள்சதை புண்ணாகி வீங்கி, வாசத்தை மறித்துக்கொண்டு நிற்கிறது. அந்த அணுக்களுக்கு ஒரு பெயரும் சொன்னார், என் நாக்குக்குள் நுழையவில்லை.

காக்க வந்தவர்கள்தான் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள்... ஆனால் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அடுப்பை விட்டு நகராத நானும் அந்த ரகம்தானே?

எத்தனை நாளாக வாசம் தெரியவில்லை என்று கேட்டார். இரண்டு மூன்று வாரமாக, என்றேன் கௌரவமாக.

"ரெண்டு வருஷம் டாக்டர்," என்றாள் மலர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கெப்படித் தெரியும் என்றேன்.

"நீங்க என்னைத் திட்டுறத நிப்பாட்டிட்டீங்களே அத்தை. நான் வீட்டுக்குச் சமைக்கிறப்ப ஹால்ல உக்காந்துக்கிட்டே, வெந்தயம் கருகுதுடின்னு கத்துவீங்க. ரெண்டு தீபாவளி போச்சு, ஒரு சத்தத்தையும் காணோம்."

அப்போதுதான் உறைத்தது. பால் புளித்தது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேள்வியாகக் கேட்டிருக்கிறாள், கண்டுபிடித்தது நானாகவே இருக்கட்டும் என்று. இரண்டு வருஷம் எனக்கு மூக்காக இருந்தவள், அடுப்பை மட்டும் கேட்கவே இல்லை.

உப்புத்தண்ணீரில் மூக்கைக் கழுவுகிறேன். கொஞ்ச நாள் மாத்திரை, தினமும் ஸ்பிரே. ஜாகாக்களை விரட்ட இல்லையாம், அமைதிப்படுத்தவாம். முழுதாகப் போகாது, ஸ்பிரேயை விட்டுவிடக் கூடாது என்றார் டாக்டர். சரி என்று தலையாட்டினேன்.

நேற்று ஹாலில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து மெல்ல ஏதோ வந்தது. கசப்பாக... பழக்கமாக...

"மலரு, வெந்தயம் கருகுதுடி."

கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"இன்னொரு தடவ திட்டுங்க அத்தை."

திட்டினேன். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து.

அவளிடம் நேரே நன்றி சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் இந்த வாரம் பத்திரிகை வழியாக உங்களிடம் சொல்கிறேன்.

தர்ஷினி, பாட்டி எழுதினத படிச்சுக் காட்டும்மா. சத்தமா படி... உங்கம்மா அடுப்படியில இருக்கா.