ரெய்னோ சொன்னது சொத்தில் சேராது

ரெய்னோ லஹ்தி புத்தகம் படித்து யாரும் பார்த்ததில்லை. புது ரம்பத்தோடு வரும் கையேட்டைக்கூடப் பிரிக்காமல் அடுப்பில் போடுகிற ஆள். அவர் செவ்வாய்க்கிழமை மதியமானால் கடையிலிருந்து கிளம்பி லைப்ரரிக்குப் போவார் என்று கடையில் வேலை பார்க்கும் எல்வுட் சொன்னபோது மகள் கைசா நம்பவில்லை.

"லைப்ரரிக்கா? எங்கப்பாவா?"

"சட்டை மாத்திக்கிட்டு, நகத்துல இருக்கிற கிரீஸைக்கூடச் சுரண்டிட்டுப் போவார்," என்றார் எல்வுட். "ஏதோ பொம்பள விஷயம்னு நெனைச்சோம். ஊரே சந்தோஷப்பட்டுச்சு. கடைசில பாத்தா, வெர்னாகிட்ட வியாபார யோசனை கேக்கப் போயிருக்கார். ச்சே."

அப்பாவின் அடக்கம் முடிந்த பிறகு கைசா முதல் தடவை சிரித்தது அன்றுதான். சிரித்துவிட்டு, பழுதுக்கு வந்திருந்த ஒரு மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பல வருஷங்களுக்கு முன்பு ஊர்ச் சுரங்கத்தை மூடியபோது ரெய்னோவுக்கு வேலை போனது. பக்கத்து வீட்டுக்காரரின் பனி வாரும் மெஷின் நின்றுபோக, அதைத் தன் கொட்டகையில் வைத்துச் சரிசெய்து ஓட்டிக் காட்டினார். மறுநாள் இன்னொருவர் தள்ளிக்கொண்டு வந்தார். இந்தக் குளிர்காலம் மட்டும் என்று மனைவியிடம் சொன்னார். அதன் பிறகு ஏரிப் பக்கமிருந்து பனி வந்து கொட்டிய ஒவ்வொரு காலையும் யாராவது வாசலில் நின்றார்கள். கொட்டகை கடையானது. எல்வுட் வேலைக்கு வந்தார். மனைவி இறந்துபோனாள். மகள் மினியாபொலிஸ் நகரத்துக்குப் போய்ப் பாலங்களின் அதிர்வை அளக்கும் பொறியாளர் ஆனாள். ரெய்னோ நின்ற இடத்திலேயே நின்றார். அக்டோபரில் அங்கேயே விழுந்தார்.

உயிலில் கடை கைசாவுக்கு என்று இருந்தது. எதற்கு என்று இல்லை. நடத்தவா, விற்கவா?

ஊருக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. "நல்லவேளை, நீ வந்துட்டே," என்றார் பாதிரியார். "நல்லவேளை, நீ இருக்கே," என்றாள் தபால் அலுவலகத்தில் ஒருத்தி. அடுத்த கடை ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தது. முதல் பனி விழுந்ததும் வாசலில் மெஷின்கள் வரிசையாக நின்றன. கைசா கார்புரேட்டர்களைக் கழற்றினாள். சுத்தம் செய்தாள். மாட்டினாள். விடுப்பு தீர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மெஷினும் அவளை இன்னொரு நாள் உள்ளே இழுத்தது.

அப்பா என்ன நினைத்தார் என்று தெரிந்தால் போதும். அதன்படி செய்துவிடலாம். அது தெரிந்த ஒரே ஆள் வெர்னா டிரெவாரோ.

வெர்னா வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவள். லைப்ரரியின் பின்னறையில் சிறு வியாபாரிகளுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிறாள். இந்தப் பக்கத்தில் வெறுங்கையோடு யார் வாசலையும் மிதிப்பதில்லை. கைசா ஏலக்காய் ரொட்டி கொண்டுபோனாள்.

"அத அப்படியே எடுத்துட்டுப் போயிடு," என்றாள் வெர்னா. "நான் வாங்கக் கூடாது."

"வெறும் ரொட்டிதானே?"

"இன்னிக்கு ரொட்டி. நாளைக்கு ஒருத்தன் மான் தொடையத் தூக்கிட்டு வருவான். அப்புறம் யாருக்கு நல்ல யோசனை, யாருக்கு மட்ட யோசனைன்னு பேச ஆரம்பிச்சிடுவாங்க. உக்காரு."

கைசா உட்கார்ந்தாள். "அப்பா உங்ககிட்ட கடையப் பத்தி என்ன சொன்னார்?"

"உங்கப்பா இங்க வந்தாரான்னுகூட நான் சொல்லக் கூடாது."

"ஊருக்கே தெரியும் வந்தார்னு!"

"அப்ப ஊரைக் கேளு."

"வெர்னா, அவர் செத்துப்போயிட்டார்."

"தெரியும்மா. சவப்பெட்டிக்குப் பக்கத்துலதான் நின்னேன்." வெர்னாவின் குரல் இறங்கியது. ஆனால் மாறவில்லை. "இங்க வர்றவங்க பேசுறது இந்த அறையத் தாண்டாது. பேங்க்குக்கு இல்ல, பொண்டாட்டிக்கு இல்ல, பிள்ளைக்கும் இல்ல. அது அவங்க உரிமை. செத்தா முடிஞ்சிடும்னு எங்கயும் போடல."

"கடை எனக்கு வந்தாச்சு. மெஷின், சாமான், எலி பிடிக்காத அந்தப் பூனை, எல்லாம் எனக்கு. அப்ப இங்க பேசினதும் எனக்குத்தான்."

"கடை உனக்கு வந்துச்சு. அவர் பேசினது கடைச் சாமான் இல்ல."

கைசா எழுந்தாள். வெளியே போனால் கடை. கடைக்கு வெளியே ஊர். திரும்ப உட்கார்ந்தாள்.

"நான் வாடிக்கையாளரா சேர்ந்தா?"

வெர்னா ஒரு தாளை நகர்த்தினாள். கைசா அதை வரைபடம் படிப்பதுபோல் மேலிருந்து கீழாகப் படித்தாள். இடது பக்கம் உரிமைகள். கட்டணம் இல்லை. சொல்வது வெளியே போகாது. ஆலோசகர் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். வலது பக்கம் பொறுப்புகள். உண்மையைச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வர வேண்டும். ஆலோசகர் முடிவெடுக்க மாட்டார், முடிவு வாடிக்கையாளருடையது.

கையெழுத்துப் போட்டாள். "இப்ப சொல்லுங்க. நான் என்ன செய்யணும்?"

"கடைசி வரியப் படிச்சியா இல்லையா?"

"முடிவெடுக்கச் சொல்லல. யோசனை கேக்கறேன்."

"யோசனை சொல்லணும்னா எனக்கு விஷயம் தெரியணும். இந்தக் கடை உனக்கு வேணுமா?"

"ஊர்ல வேற கடை இல்ல. எல்வுட்டுக்கு இந்த வயசுல வேற வேலை கெடைக்காது. அப்பா இவ்வளவு வருஷம்..."

"எல்வுட்டுக்கு வேணுமான்னு நான் கேக்கல. ஊருக்கு வேணுமான்னும் கேக்கல."

கைசா தாளின் வலது பக்கத்தைப் பார்த்தாள். ஹீட்டர் இரைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.  இங்கே சொல்வது வெளியே போகாது. அவள் செத்தாலும் போகாது.

"வேண்டாம்," என்றாள்.

வெர்னா தலையாட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. "சரி. விக்கலாம், வாடகைக்கு விடலாம், மூடலாம். மூணுக்கும் வழி இருக்கு, ஒண்ணொண்ணா பாப்போம். ஆனா அடுத்த செவ்வாய்க்குள்ள இந்த விஷயம் தெரிய வேண்டிய முதல் ஆளுக்கு நீயே சொல்லிட்டு வரணும். அது உன் வேலை. நான் சொல்ல முடியாது."

கடையில் எல்வுட் ஒரு மெஷினை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கைசா கதவை மூடிவிட்டு உள்ளே இரண்டடி வந்து நின்றாள். கோட்டுப் பொத்தானில் கை. எல்வுட் அவளைப் பார்த்துவிட்டு இன்ஜினை மெதுவாக்கினார்.

"என்ன இன்ஜினியரம்மா, அப்படியே சிலையாட்டம்? உங்கப்பாவும் இப்படித்தான்."

"எப்படி?"

"லைப்ரரிலேர்ந்து வந்து கரெக்டா அதே இடத்துல நிப்பார். ஏதோ சொல்ல வர்ற மாதிரி வாயத் திறப்பார். நானும் ஸ்பேனரக் கீழ வச்சிட்டுப் பாப்பேன். அப்புறம் கோட்டக் கழட்டி மாட்டிட்டு, 'அடுத்தது எது?'ம்பார். ஒவ்வொரு செவ்வாயும் இதே கூத்து."

கைசா பொத்தானிலிருந்து கையை எடுத்தாள்.

"எல்வுட், நான் இந்தக் கடைய நடத்தப் போறதில்ல."

அவர் குனிந்து இன்ஜினை முழுதாக அணைத்தார். கொட்டகைக்குள் திடீரென்று எதுவும் ஓடவில்லை.

"எப்ப வரைக்கும் இருப்பே?"

"கிறிஸ்துமஸ் வரைக்கும். அதுக்குள்ள உங்களுக்கு ஒரு வழி பாத்துட்டுத்தான் போவேன். அதுக்கு மேல ஒரு நாள்கூட இல்ல."

எல்வுட் கந்தையில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். முகத்தை அவள் பக்கம் திருப்பவில்லை.

"ஊர்க்காரங்க உன்னை உரிச்சிடுவாங்க."

"தெரியும்."

"உங்கப்பாவ உரிச்சிருக்க மாட்டாங்க," என்றார். "அவருமேல எல்லாருக்கும் பிரியம். அதான் அவரால சொல்ல முடியல போல."

வெளியே யாரோ ஒரு மெஷினைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் கதவைப் பார்த்தார்கள். யார் முதலில் போய்த் திறப்பது என்று காத்து இருவரும் அசையவில்லை.